தாழ்ப்பாள் போடாத தையல்காரி

லேடீஸ் டெய்லர் வீட்டு வாசலில் இருட்டிய பிறகு விநோதமாக ஏதாவது சத்தம் கேட்டால், அது திருடனும் இல்லை, பேயும் இல்லை, அவசர பிளவுஸ். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் தெரிந்தும் பயம்.

அந்தப் பயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவத்தின்போது எனக்கு வலிப்பு வந்தது. இனிமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் ராத்திரியில் மறுபடி வந்து நான் விழுந்துவிட்டால், பூட்டிய வீட்டுக்குள் பாப்பா தனியாக அழுதுகொண்டு கிடப்பாளே என்ற நினைப்பு என்னை விடவில்லை. வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வடக்கே போய்விட்டார். தியாகதுருகத்து வாடகை வீட்டில் முன்னறையில் மெஷின், பின்னறையில் தொட்டில், நடுவில் நான். கதவைச் சாத்துவேன், தாழ்ப்பாள் மட்டும் போட மாட்டேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

கதவில் நகம்

அன்று விளக்கணைத்துப் படுத்ததும் தகரக் கதவில் 'கர்ர்... கர்ர்...' என்று ஒரு சத்தம். விட்டு விட்டுக் கேட்டது. நாயாக இருந்தால் மூச்சிரைக்கும். இது மூச்சே விடவில்லை. துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் ஜெபத்தை மடமடவென்று ஒப்பித்தேன். கதவு மெல்லத் திறந்தது.

கரியாலூரிலிருந்து கடைசி பஸ்ஸில் இறங்கிய ஒரு பெண், கையில் மஞ்சப் பையோடு நின்றாள். விடிந்தால் இங்கே மண்டபத்தில் தங்கைக்குக் கல்யாணமாம். நான் தைத்த பிளவுஸ் அக்குளில் பிடிக்கிறதாம். குழந்தை முழித்துக்கொள்ளும் என்று தட்டாமல் நகத்தால் சுரண்டியிருக்கிறாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கத்திரிக்கோலக் கீழ வெச்சிட்டு சாமி கும்பிடுங்கக்கா, பாக்கவே பயமா கீது."

பரீட்சையா?

ஜெபம் சொல்லச் சொல்லப் பயம் குறைய வேண்டும் அல்லவா? எனக்குக் குறையவில்லை. நூல் கோக்காமல் மெஷினை மிதித்தால் ஊசி ஏறி இறங்கும், சத்தமும் ஜோராக வரும், துணியில் ஒரு தையல் விழாது. என் ஜெபம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு நசீமா அக்காவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. கடைவீதியில் அவர்களுக்கு வளையல் கடை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று பெயர், அவ்வளவுதான். நான் தும்மினால் அங்கே கேட்கும். ஒருநாள் ஊக்கு வைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்தவர், "இன்னாம்மா, டெய்லி இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணிக்கினு கீறியே, பரீட்சை எதுனா எழுதறியா?" என்றார். பயத்துக்காக ஜெபம் சொல்கிறேன் என்றேன், கொஞ்சம் ரோஷமாக. அக்கா ஊக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தபடியே கேட்டார்: "பயம் உனுக்குத் தமிழ்ல தானே வருது? அத்த இன்னாத்துக்கு இங்கிலீஷ்ல மாத்திக்கினு கீறே?"

படுத்துக்கொண்ட விருந்தாளி

அன்றே தமிழுக்கு மாறினேன். மெழுகுவர்த்தி ஏற்றி முட்டி போட்டேன். "ஆண்டவரே, பயமா இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பரவாயில்லை, வந்தது போதும், நாளைக்கும் முட்டி போடுவேன் என்று வைராக்கியமாக எழுந்தேன். மறுநாளும் அதே ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரி, நூல் கோத்த தையலாகத் துணியில் விழுந்தது.

அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தார். நல்ல தண்ணி போட்டிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வெட்டிப் பரப்பியிருந்த பட்டுத் துணி மேல் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார். பாப்பாவை அள்ளிக்கொண்டு நசீமா அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் வீட்டுக்காரர் பாய் வந்துதான் ஆளை வெளியே தூக்கிப் போட்டார். மறுநாள் காலை அந்த ஆள் மனைவியோடு வந்து தலையைச் சொறிந்தார்: "தாப்பா போடாம இருந்துச்சிங்களா, எம் வூடுன்னு நெனச்சிட்டேன். எங்க வூட்லதான் எனுக்காவ இவ தொறந்தே வெச்சிருப்பா."

மாதாவுக்கு அளவு

விஷயம் எப்படியோ போர்வெல் லாரி வரைக்கும் போய்விட்டது. "கடைய மூடிட்டு சின்னசேலத்துக்கு உங்க அம்மா வூட்டுக்குப் போயிடு" என்றார் வீட்டுக்காரர் போனில். கஷ்டப்பட்டுச் சேர்த்த கடை, சேர்த்த வாடிக்கை. தாழ்ப்பாள் போட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். தேர்த் திருவிழா வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினேன்.

திருவிழாவுக்கு மாதாவுக்கும் கையிலிருக்கும் பிள்ளைக்கும் உடுப்பு தைக்க, கோயில் உபதேசியார் நீல சாட்டின் துணி கொண்டுவந்தார். தொழில் புத்தி யாரை விட்டது? "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. பிறகு நானே டேப்போடு கோயிலுக்குப் போய் ஸ்டூல் மேல் ஏறினேன். பிள்ளை சொரூபம் மாதாவின் ஒரு கையில் உட்கார்ந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. என் இடது கை தானாகப் போய் முட்டுக் கொடுத்தது. ஒற்றைக் கையில் டேப் பிடித்து எப்படி அளவெடுப்பது? "பிள்ள விழுந்துடாதுங்களா?" என்றேன். கீழே நின்றிருந்த உபதேசியார் சொன்னார்: "நீ கைய எடும்மா. நீ வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து அவங்கதானே புடிச்சிக்கினு கீறாங்க."

கையை எடுத்தேன்

இன்று சாயங்காலம் முட்டி போட்டபோது மிச்சமெல்லாம் வந்தது. செத்துப்போவேனோ என்று பயமாக இருக்கிறது, அப்படியே ஆனாலும் பிள்ளையை நீர் பார்த்துக்கொள்ளும் என்று, அழுதபடி, முழுசாகச் சொன்னேன். ஆண்டவரிடம் சொல்லிவிட்டதை அடுத்த வீட்டில் சொல்ல என்ன வெட்கம்? நேராக நசீமா அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். காலையில் பால் பாக்கெட் எடுக்காமல் வாசலிலேயே கிடந்தால் கதவை உடைத்துவிடுங்கள் என்றேன். "இதுக்கா இத்தினி நாளா தொறந்து போட்டுக்கினு படுத்தே? ஒடைக்க பாய் கூட வேணாம்டி, நானே ஒரு ஒதை வுட்டா வந்துடும். போ, போய் சாத்திக்கினு தூங்கு" என்றார் அக்கா.

பாப்பா தூங்கிவிட்டாள், விசுவாசம் ரெடிமேடாகக் கிடைக்கும் உடுப்பு இல்லை, தினம் கொஞ்சம் பிரித்துக் கொஞ்சம் பிடித்து நாமேதான் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தேன்.