ஜன்னலில் நகராத முகம்

தீபாவளிக்கு முந்தின நாள் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்குள் முதலில் ஏறுகிறவர்கள் பிள்ளைகள்தான். கதவு திறக்கும் முன்பே ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிடுவார்கள். பிள்ளை துண்டை விரித்துப் படுத்துவிட்டால் அந்த சீட் அந்தக் குடும்பத்துக்கு. எழுந்தால் போச்சு. பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் எங்கள் தெக்கத்தி ஜனங்கள் இந்தச் சட்டத்தை மீறி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் நான் ஏழாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள். அப்பா என்னைத் தூக்கி ஜன்னலுக்குள் திணித்தபோது அம்மா சொன்னாள்: "எந்திச்சிராதல. மதுரை வரைக்கும் கம்பியப் பிடிச்சுத் தொங்க இந்த வருசம் எனக்கு ஏலாது." கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி செக்கிங் வேலை செய்கிறவள். உயிரே போனாலும் அந்த மூன்று சீட்டை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தூறல் விழுந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடினேன். அப்பா கதவருகே கூட்டத்தோடு முட்டிக்கொண்டிருந்தார். அம்மா எங்கள் பஸ்ஸுக்கும் பக்கத்து பஸ்ஸுக்கும் நடுவிலிருந்த சந்தில், பையோடு என்னை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். உள்ளே முழுக்கப் பிள்ளைகளும் துண்டுகளும்தான்.

அப்போது பக்கத்து பஸ் பின்னோக்கி நகர ஆரம்பித்தது.

முன் சீட்டில் தாராபுரத்துக்கு இடம் பிடித்திருந்த சிறுமி அலறினாள்: "ஏனுங்ண்ணா! பஸ்ஸு போவுதுங்க! எங்கம்மா ஏறவே இல்லீங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரம்தான் அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். நிற்கிற வண்டியில் இருப்பவனுக்கு, பக்கத்து வண்டி கிளம்பினால் தானே போவதுபோலத் தோன்றும். நகராத பொருள் ஒன்றைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

"நாம போகல பாப்பா. அந்த பஸ்தான் ரிவர்ஸ் எடுக்கான்" என்றேன், வாத்தியார் குரலில்.

நகராத பொருளாக நான் பார்த்தது அம்மாவின் முகத்தை. அது ஜன்னலில் அதே இடத்தில் இருந்தது. ஆகவே நாங்கள் நிற்கிறோம். அவள் கண்ணாடியைத் தட்டினாள். ஏதோ கத்தினாள், மழையிலும் இஞ்சின் இரைச்சலிலும் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டை விடமாட்டேன் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

பக்கத்து பஸ் முழுக்கக் கடந்து போனது. அதற்கப்புறம் ஒரு தூண் போனது. ஒரு டீக்கடை போனது.

டீக்கடை ரிவர்ஸ் எடுக்காது.

அம்மா நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் வேகத்துக்குக் கூடாமல் குறையாமல், சக்கரத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தாள். எனக்கு அது விளங்கிய நொடியில் அந்த முகம் பின்னால் போகவில்லை. கீழே போனது.

கூட்டம் தகரத்தில் அறைந்த அறையில் பஸ் குலுங்கி நின்றது. எட்டிப் பார்க்கத் துணிவில்லாமல் அந்த சீட்டையே இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

கடைசியில் இறங்கி ஓடினேன். அம்மா சேற்றில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. சக்கரம் அவள் சேலைத் தலைப்பின் மேல் நின்றிருந்தது. டிரைவர் குதித்து இறங்கி வந்தார். "ஏனுங்கம்மா, சுத்திக் கொண்டுபோயி அந்தப் பக்கம் நிறுத்தறதுக்குத்தானுங்க எடுத்தேன். அதுக்குள்ள இப்புடியா ஓடியாருவீங்க?"

நான் இறங்கி ஓடிய இடைவெளியில் எங்கள் மூன்று சீட்டிலும் வேறு துண்டுகள் விழுந்துவிட்டன. அந்தச் சிறுமியின் அம்மாதான், "இப்புடி வந்து உக்காருங்க" என்று தாராபுரம் வரை எனக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் இடம் கொடுத்தார். அப்பா நின்றபடி வந்தார்.

பல்லடம் தாண்டியதும் அம்மா பக்கம் திரும்பினேன். நடந்ததை நான் அறிவியல்படி யோசித்து வைத்திருந்தேன்.

"எம்மா, நீ ஓடாம நின்ன எடத்துலயே நின்னிருந்தா, உன் மூஞ்சி பின்னால போயிருக்கும். பஸ் போகுதுன்னு எனக்கு அப்பமே தெரிஞ்சிருக்கும்."

காலில் துணியை அழுத்தியபடி அவள் என்னையே பார்த்தாள். "எப்படில நிப்பேன்?" என்றாள்.

பாவம், பள்ளிக்கூடம் போகாதவள், பாடம் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முதலிலிருந்து மறுபடி விளக்க ஆரம்பித்தேன்.