மலை தெரிகிற மானிட்டர்

கிரைண்டரின் ஓரத்தில் ஏறிய மாவை வழித்து உள்ளே தள்ளிவிட்டு, வாளித் தண்ணீரில் கையை அலசி, லுங்கியில் துடைத்தும் துடைக்காமலும் சொரிமுத்து மறுபடி மவுசைப் பிடிக்கிறார். திரையில் குதிரை விட்ட இடத்தில் நிற்கிறது. அதை நடத்திக்கொண்டு கொஞ்ச தூரம் போவதற்குள் மாவு மறுபடி ஓரத்தில் ஏறிவிடும். எழுந்து போவார். ஒரு ஈடு மாவு ஆடி முடிவதற்குள் குதிரை நடுக்காட்டில் நின்று நின்று போகும். கீபோர்டில் அவர் அழுத்துகிற கட்டைகள் நாலே நாலுதான். நாலிலும் காய்ந்த மாவு அப்பி எழுத்து மறைந்துவிட்டது.

தாராவியில் இட்லி அவித்து, அலுமினியத் தவலையில் அடுக்கி, சைக்கிளில் மாதுங்காவுக்கும் திலக் நகருக்கும் கொண்டு போகிறவர். ரப்பர் ஹாரனை இரண்டு அமுக்கு அமுக்கினால் மாடிகளிலிருந்து "அண்ணா, ருக்கோ!" என்று நிற்கச் சொல்லிக் குரல் வரும். எழுபது வயதுக் கிழவருக்கும் அவர் அண்ணாதான், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அண்ணாதான். சொரிமுத்து என்று ஒரு பெயர் இருப்பதை அவரே சமயத்தில் மறந்துவிடுவார். எதைச் சொன்னாலும் "சரி, கெடக்கட்டும்" என்பார். சட்னி பத்தவில்லை என்று சண்டைக்கு வந்தாலும் அதே பதில், மழையில் சாக்கடை பொங்கி வாசலுக்கு வந்தாலும் அதே பதில். கோபப்படுவதற்குத் தெம்பு வேண்டுமே! அது அவரிடம் மிச்சமில்லை.

விடியுமுன் அடுப்பு, விடிந்ததும் சைக்கிள், மதியம் அடித்துப்போட்ட மாதிரி ஒரு தூக்கம், எழுந்தால் கிரைண்டர், அப்புறம் பாத்திரம். இந்தச் சுற்றில் அவர் உட்காரக் கிடைப்பது மாவு ஆடுகிற நேரம் மட்டும்தான். மாவு ஆட்டுகிறவன் அங்கே இங்கே போக முடியாது. பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் சும்மா இருக்கலாம். மற்ற இட்லிக்காரர்கள் அந்த நேரத்தில் போனில் பாட்டுக் கேட்பார்கள். சொரிமுத்து குதிரையில் போகிறார்.

கம்ப்யூட்டர் வந்த கதை சின்னது. மாதுங்காவில் தினம் இட்லி வாங்கிய ஷ்ரவண் என்ற பையன் வெளிநாடு போகும்போது, "அண்ணா, வேணும்னா எடுத்துண்டு போங்கோ" என்று மேசையோடு கொடுத்துவிட்டான். உள்ளே இந்தக் குதிரை ஆட்டமும் இருந்தது. சுட வேண்டும், கொள்ளையடிக்க வேண்டும், கூட்டாளியைக் காப்பாற்ற வேண்டும் என்று அதில் ஆயிரம் வேலை. சொரிமுத்து ஒன்றையும் செய்ததில்லை. கூட்டாளி வருஷக்கணக்கில் ஒரு பாலத்தடியில் காத்துக்கொண்டு நிற்கிறான். "நிக்கட்டும். எனக்கு இருக்குற சோலி பத்தாதாக்கும்?" என்பார். அவருக்கு வேண்டியது அந்த மலைகள்தான்.

அவர் ரூமில் ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் எதிர் ரூம்காரியின் அடுப்பு. கையை நீட்டிக் குழம்பு வாங்கலாம். சந்தில் நடந்தால் முன்னால் போகிறவர் முதுகு. சைக்கிளில் ஏறினால் பள்ளம். ஒருமுறை இலவசக் கண் முகாமில் டாக்டரம்மா, "கண்ணு ரொம்ப களைச்சிருக்கு, அடிக்கடி தூரமா எதையாவது பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். வீடு வந்து மனைவி மாரீஸ்வரியிடம் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"தூரமா பாக்கதுக்கு எங்க போவிய? கடலுக்கா?"

"அங்க போயிட்டு வாரதுக்குள்ள மாவு புளிச்சிரும்."

அப்போதுதான் திரையிலிருக்கிற மலை அவர் கண்ணில் பட்டது. பட்டதோ இல்லையோ, குறையும் தெரிந்துவிட்டது. பழைய மானிட்டரில் கிட்டத்து மரம் நன்றாக இருக்கும். தூரத்து மலை சோப்புத் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடக்கும். ஆசையாக ஒரு முகட்டில் ஏறி நின்றால் அங்கேயும் கலங்கல்தான். இதற்குக்கூடவா எனக்குக் கொடுப்பினை இல்லை என்று குதிரையைத் திருப்பிக் கீழே இறக்கினார்.

அன்றிலிருந்து, வியாபாரம் சீக்கிரம் முடிகிற நாட்களில் லோக்கல் ரயில் பிடித்து லாமிங்டன் ரோட்டுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே அல்தாப் என்பவருக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. காட்சிக்கு வைத்த மானிட்டரில் எல்லாரும் வாய் பிளந்து பார்க்கிற கலர் மீன்களை இவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "மச்லி நஹி பாய், பஹாட் லகாவ்" என்பார். மீன் வேண்டாம், மலை போடு. அவர் இந்திக்கும் திருநெல்வேலி ராகம்தான். மலை வந்ததும், இட்லி வெந்ததா என்று பார்க்கிற மாதிரி முகத்தைக் கிட்டே கொண்டுபோய், படத்தின் கடைசி ஓரத்தைப் பார்ப்பார். புள்ளி நெருக்கமான நாலு கே வேண்டாம், கடையில் இருந்த அந்தப் பெரிய திரை ரூமுக்குச் சுவர் மாதிரி ஆகிவிடும். இரண்டு கே, இருபத்தேழு இஞ்ச் போதும் என்பது மட்டும் பல மாதப் படையெடுப்புக்குப் பிறகு முடிவானது.

சிக்கல் அதற்கு மேல்தான். அல்தாப் கையை விரித்து விளக்கினார். மானிட்டரில் புள்ளி கூடினால் அத்தனை புள்ளியையும் ஓயாமல் வரைந்து தள்ள வேண்டியது உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டு. இவருடைய கார்டு கிழடு. புது மானிட்டரை மாட்டினால் படம் பளிச்சென்று இருக்கும், குதிரை நடக்காது. "பஹ்லே கார்டு, அண்ணா. பிர் மானிட்டர்." முதலில் கார்டு, பிறகுதான் மானிட்டர். நல்ல மனுஷர், வீட்டில் போட்டுப் பாருங்கள் என்று ஒரு பெரிய கார்டையும் அதற்கேற்ற பவர் சப்ளையையும் இரவல் கொடுத்து, மாட்டியும் கொடுத்தார்.

கிரைண்டர் ஓடும்போதே கார்டைச் சோதித்தார் என்று கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மாவு ஆடுகிற நேரத்தில் மட்டும் விளையாடுகிறவர் வேறென்ன செய்வார்? கிரைண்டரைப் போட்டுவிட்டு, குதிரையை ஒரு விரட்டு விரட்டினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. அடடா என்று வாய் திறந்தவர் மூடவில்லை, படீரென்று ரூமே இருண்டது. மோட்டாரும் கார்டும் சேர்ந்து இழுத்த இழுப்பை லைன் தாங்கவில்லை. சுவிட்சுப் பெட்டி கீழ்ரூம்காரர் பூட்டில். அவரோ சாவியோடு முலுண்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அரைவாசி ஆடிய மாவு அந்தப் புழுக்கத்தில் பொங்கிப் புளித்துவிட்டது.

மறுநாள் மாதுங்காவில் அகிலாண்டம் மாமி ஒரு இட்லியைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இட்லியா இது? கோலிக்குண்டுன்னா கொண்டு வந்திருக்கே!" என்றாள். மாமி சொன்னது பரவாயில்லை. மாரீஸ்வரி சொன்னதுதான் சுட்டது.

"அந்த எளவு பொட்டிக்காக அடுப்புல மண்ணப் போட்டுட்டியளே. மனுசன் நிம்மதியா இருக்கட்டும்னுதான நானும் பேசாம இருந்தேன்?"

சொரிமுத்து பழைய கார்டையே திரும்ப மாட்டினார். இரவல் கார்டையும் பவர் சப்ளையையும் துணியில் சுற்றிக்கொண்டு போய் அல்தாப் மேசையில் வைத்தார். "மானிட்டர் மட்டும் குடு பாய்."

கார்டு இல்லாமல் மானிட்டர் எதற்கு, படம் வெட்டி வெட்டித்தான் வரும், தெரிந்தே குழியில் விழுவானேன் என்று அல்தாப் தலையிலடித்துக்கொண்டார். "சலேகா" என்றார் சொரிமுத்து. அவருடைய கெடக்கட்டும்தான், இந்தியில். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாதர் வரை நெரிசலில் இடி வாங்கி, மாறி, மறுபடி இடி வாங்கி வீடு வந்து சேர்ந்தார்.

மாட்டிப் பார்த்தால் அல்தாப் சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது. குதிரை ஒரு அடி வைக்கும், யோசிக்கும், அடுத்த அடியைத் தாண்டிக் குதிக்கும். செட்டிங்கில் புள்ளியைக் குறைத்தால் ஓடும் என்று அல்தாப் போனில் சொன்னதையும் செய்தார். ஓடியது. மலை மறுபடி கலங்கிவிட்டது. உடனே பழையபடி கூட்டிவைத்தார். கிரைண்டர் ஒருபக்கம் ஆட, தடுக்கித் தடுக்கி அந்தக் குதிரையை எப்படியோ ஒரு முகட்டுக்கு ஏற்றிவிட்டு, மவுசிலிருந்து கையை எடுத்தார்.

படிக்கட்டு ஏணியில் தண்ணீர்க் குடத்தோடு வந்த மாரீஸ்வரி திரையைப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை.

"போச்சா? இதுவும் நின்னு போச்சா?"

"நிக்கலட்டி. நாந்தாம் நிப்பாட்டிருக்கேன்."

"எங்கயும் போவலியா?"

"காலையில இருந்து மிதிச்சாச்சு. இதுலயும் எதுக்கு ஓடணும்? சும்மா நிக்கேன்."

அவள் குடத்தை இறக்கினாள். போய்விடுவாள் என்று அவர் நினைத்தார். போகவில்லை. குனிந்து, ஈரவிரலைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஆற்றுக்கு அப்பால், மலைக்கும் அப்பால், பனி தொடங்குகிற இடத்தில் ஒரு பொட்டு.

"அது வீடா? பொகை வருது பாருங்க."

சொரிமுத்து முகத்தை நீட்டிப் பார்த்தார். அந்த மலையை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். அங்கே ஒரு வீடு இருந்ததே அவருக்குத் தெரியாது.

"ஆமட்டி. வீடுதாம்."

உட்கார்ந்திருந்த பலகையில் அவர் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் காலியான இடத்தில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிவிட்டு, லுங்கி நுனியால் துடைத்தார்.