முனியாண்டி ஜாடியில் டார்ச் அடித்தவர்

மலேசியாவின் கிள்ளான் நகரில் எங்கள் வீட்டுப் பின்சந்தில், வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. பதிவு செய்யப்படாத கோயில்; அப்படிப்பட்டவற்றை நகராட்சி இடித்துவிடுவதுண்டு. அதனால், டெங்கிக் கொசுச் சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரி அதை உடைக்கத்தான் காரணம் தேடுகிறார் என்று நினைத்தேன்.

மெலிந்தவர். பேசுவதற்கு முன் டார்ச்சை உள்ளங்கையில் இருமுறை தட்டிக்கொள்வார். பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாமி முன்னால் இருந்த தண்ணீர் ஜாடிக்குள் டார்ச் அடித்தார். கொசுப்புழுக்கள் நெளிந்தன.

“பக்கத்து வீட்டுப் பொண்ணு டெங்கில ஆஸ்பத்திரியில இருக்கு, அண்ணே. இதக் கொட்டணும்.”

“சாமி தண்ணி. குறைஞ்சா ஊத்துவோம், கொட்டுற பழக்கம் இல்ல,” என்றேன்.

டார்ச்சைத் தட்டினார். “இந்த மரம் யாரோடது?”

“முனியாண்டியோடது.”

“அப்ப மரத்துக்கே ஊத்துங்க லா. அவரு தண்ணி அவருகிட்டயே போவுது. இனிமே தினம் புதுசா வைங்க.”

ஜாடியைத் தூக்கி வேரடியில் ஊற்றினேன்.

அவர் சோதனைப் படிவத்தை நிரப்பும்போது எட்டிப் பார்த்தேன். கோயில் என்ற சொல்லே அதில் இல்லை.

“கோயில எழுதலையா?”

“நான் கொசுவத் தேடித்தானே வந்தேன், அண்ணே.”

நல்ல மனிதர் என்றே தோன்றியது. ஆனால் திரும்பிப் போகும்போது, மரத்திலிருந்து சந்து முனைவரை, காலடியால் அளப்பதுபோல் ஒரே சீராக நடந்தார். அது அவருடைய வழக்கமான நடையாகவும் இருக்கலாம். எனக்கு இன்றும் தெரியவில்லை.