ஒரு டயர், இரண்டு எலுமிச்சம்பழம்

இன்று லஸ் முனையில் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றினேன். இரண்டும் தேய்ந்திருந்தன. இந்த மாதம் ஒன்றுதான் முடியும்.

“பின்னாடிதான் சார் மொட்டையா கீது. அத்த மாத்திக்கோ,” என்றார் கடைக்காரர்.

“முன்னாடியே போடுப்பா,” என்றேன்.

ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஆபீஸ் நண்பர்கள் பார்ப்பது முன் சக்கரத்தைத்தானே!

வீட்டு வாசலில் மனைவி இரண்டு எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தாள். ஒன்றைப் புது டயருக்கு அடியில் வைத்தாள். இன்னொன்றைப் பின் டயருக்கு வைத்தாள்.

“அது பழசுடி.”

“தெரியறது. நான் உக்கார்ற பக்கமாச்சே. அதுக்குத்தான் பழம் ரொம்ப வேணும்.”

வண்டியை நகர்த்தினேன். இரண்டும் நசுங்கின.

நாளைக்கு இந்தப் புது டயரைப் பின்னாடி மாற்றிப் போடச் சொல்லி அந்தக் கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? பொய் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், என்னுடையது தீர்ந்துவிட்டது.