நாற்பத்தொரு வயது மகள்

என் மகளுக்குப் பதினான்கு வயது. அவள் போனில் இருக்கும், போட்டோ வீடியோ போடும் அந்தக் கணக்குக்கு மட்டும் நாற்பத்தொன்று. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செய்தவள் நான்தான்.

அவளுக்கு ஒன்பது வயதில், நடன வகுப்பு டீச்சர் வீடியோக்களை அங்கேதான் போடுவார். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு கிடையாது என்று திரை சொன்னது. பெரிய விஷயமா என்று என் பிறந்த தேதியைத் தட்டிவிட்டேன்.

போன மாதம் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு, கணக்கைச் சிறார் கணக்காக மாற்றினால் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது என்றார்கள். காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்ததும் அவள் போனோடு உட்கார்ந்தேன். எங்கே தட்டியும் அந்த வசதி வரவில்லை. பெரியவர் கணக்குக்கு அது கிடையாதாம். அந்த ஆப் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். அடையாளச் சான்று கேட்டார்கள். பெற்றவள் நான்தானே என்று என் ஆதாரையே அனுப்பிவைத்தேன். பிறந்த தேதி சரியாக இருக்கிறது, வயது உறுதி செய்யப்பட்டது, நன்றி என்று பதில் வந்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, பள்ளியில் ஒட்டிக்கொண்ட கன்னடமும் கலந்து சொன்னாள்.

"இப்ப நான் அஃபிஷியலா ஆன்ட்டி. ஸும்னே டென்ஷன் ஆகாதம்மா."

"அழிச்சிடு அதை."

"அழிக்கிறேன். வேற ஒண்ணு ஓப்பன் பண்ணுவேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினேன். வீட்டுப்பாடம் வகுப்பு குரூப்பில்தான் வருகிறது என்பதால் மறுநாளே திறக்க வேண்டியதாயிற்று. கொடுக்கும் முன் மெசேஜ்களைக் காட்டச் சொன்னேன். மறைக்காமல் நீட்டினாள்.

நாய்க்குட்டிப் படம் வைத்த யாரோ ஒருவர். தினமும் மாலை ஏழு மணிக்கு, "சாப்பிட்டியா?" பொம்மசந்திராவில் வேலை முடிந்து நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் நேரம். "இல்ல, அம்மா இன்னும் வரல" என்று இவளும் தினமும் எழுதியிருந்தாள். வீட்டில் தனியாக இருப்பதை முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒருநாள் விடாமல் சொல்லியிருக்கிறாள்.

"யாருடி இது?"

"தெரியாது. நல்லாப் பேசுறாங்க."

அந்த ஆளை பிளாக் செய்தேன். அவள் தடுக்கவில்லை. இன்னொரு பெயரில் வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் ஏழு மணிக்கு, பஸ் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் நானே அவளுக்கு அனுப்பினேன்: "சாப்பிட்டியா?"

ப்ளூ டிக் விழுந்தது. பதில் வரவில்லை.