ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு அக்கா

இதயத்தில் சூடு வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன், பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நிற்கும்போதே எனக்கு நெஞ்சு படபடவென்று ஓட்டமெடுக்கும். தொடை ரத்தக்குழாய் வழியாக ஒயரை ஏற்றி, அந்த ஓட்டத்தைக் கிளப்பிய இடத்தைச் சுட்டுவிட்டார்கள். சுட்ட இடம் நன்றாகத் தழும்பாகிவிட்டதா என்று பார்க்க ஒரு புது ஸ்கேன் இருக்கிறது, தசையின் விறைப்பை வெளியிலிருந்தே அளக்கும், இன்னும் சோதனையாகத்தான் செய்கிறோம், சம்மதமா என்று டாக்டர் கேட்டார். சரி என்றேன்.

கோயம்புத்தூருக்குத் தனியாகத்தான் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து என் ஊர், வேலையெல்லாம் விசாரித்த ஒரு பொங்கலூர் அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

ஸ்கேன் எடுத்த பெண் ஒரு கையால் கருவியை விலா எலும்புக்கிடையில் அழுத்தி, மறு கையை என் தோளில் வைத்துக்கொண்டாள்.

"மூச்சப் புடிச்சுக்குங்க்கா. ம்... உடுங்க."

யாரும் என்னைத் தொட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நீளட்டும் என்று நினைத்தேன். நினைத்தது வெட்கமாகவும் இருந்தது.

"கூட யாருங்க்கா வந்திருக்காங்க?"

"தம்பி வெளியில நிக்கான்" என்றேன். தம்பி தூத்துக்குடியில் இருக்கிறான். பேசி நான்கு வருடம்.

முடிவை உடன் வந்தவரிடமும் சொல்ல வேண்டுமாம். நான் எழுந்து சேலையைச் சரிசெய்வதற்குள் அவள் கதவைத் திறந்து, "இந்த அக்காவோட தம்பி யாருங்க?" என்று கூப்பிட்டுவிட்டாள். யாரும் அசையவில்லை. எனக்கு முகம் சுட்டது.

பொங்கலூர் அம்மா என் பையோடு எழுந்தார்.

"தம்பி மருந்து வாங்கப் போயிருக்காருங்க. நான் இவளுக்கு அக்காதானுங்க. எங்கிட்டச் சொல்லுங்க."

டாக்டர் வந்து திரையைக் காட்டினார். சுட்ட இடம் கெட்டியாகிவிட்டது, அப்படித்தான் இருக்க வேண்டும், சுற்றியுள்ள தசை இளக்கமாக இருக்கிறது, பயமில்லை என்றார். நான் தலையாட்டினேன். சந்தேகம் கேட்டதெல்லாம் அந்த அம்மாதான்.

"பாரம் தூக்கலாமுங்களா? நாளெல்லாம் நின்னுட்டே வேல செய்யறவளுங்க."

வெளியே வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எதுக்குக் கண்ணு அழுவற? நல்ல சேதிதான சொன்னாரு?" என்றார். அவருடைய வீட்டுக்காரர் உள்ளே வேறொரு பரிசோதனையில் இருந்தார்.

டீ வாங்கி வருகிறேன் என்று கேன்டீனுக்குப் போனேன். கூட்டம். இரண்டு டம்ளரோடு திரும்பியபோது பெஞ்ச் காலியாக இருந்தது. என் பை மட்டும் காவலாளியின் மேஜையில் இருந்தது.

"வார்டுக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டாங்க" என்றார் அவர்.

எந்த வார்டு என்று கேட்க, அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒன்றைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டு, திருப்பூர் பஸ்ஸுக்கு நடந்தேன்.