படகோட்டி தளம் போட்ட கதை

படகோட்டிக்குத் துடுப்பு பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்பவர்கள் பெங்களூரில் ரிசார்ட் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே படகோட்டிதான் பல்பும் மாட்ட வேண்டும், பார்க்கிங்கில் விசிலும் ஊத வேண்டும், யூடியூபைப் பார்த்து ஃபைபர் வேலையும் கற்றுக்கொள்ள வேண்டும். மேலதிகாரி வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துத் தொழில் கற்ற பாவப்பட்ட ஜன்மங்களே, இது உங்களுக்காகத்தான்.

நான் திருப்பத்தூர் பக்கம். அங்கே ஏரியில் படகு ஓட்டிய கை இது. சந்தாபுராவைத் தாண்டி ஒரு ரிசார்ட்டில் குளம் இருக்கிறது, படகு இருக்கிறது, ஓட்ட ஆள்தான் இல்லை என்று கூப்பிட்டார்கள். கல்யாணமான புதுசு. பெண்டாட்டி மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

கால் உள்ளே போன கதை

அது பழைய ஃபைபர் படகு. மேலே பார்த்தால் பளபளப்பு, உள்ளே தளத்துக்குக் கொடுத்திருந்த பலகை மொத்தமும் ஊறி இத்துப்போயிருந்தது. வந்த புதிதிலேயே மேனேஜரிடம், "சார், மிதிச்சா மெத்துமெத்துன்னு அமுங்குது" என்று சொன்னேன். "கெஸ்ட்டுக்கு கம்ஃபர்ட்டா இருக்கும்பா" என்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்த பெரியவர் ஒருவர் செல்ஃபி எடுக்க எழுந்து நின்றார். மடக்கென்று ஒரு சத்தம். அவர் கால் முழங்கால் வரைக்கும் தளத்துக்குள்ளே போய்விட்டது. நல்லவேளை, அடிபடவில்லை. ஷூ மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. கரைக்கு வந்து ஒற்றை ஷூவோடு நின்றுகொண்டு அவர் கேட்டார்: "தம்பி, இது டிக்கெட்லயே சேர்ந்ததா, இல்ல தனி ரைடா?"

வீடியோவில் வந்த வெள்ளைக்காரர்

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கோயம்புத்தூர்க்காரர், படித்தவர், சின்ன வயசு. தளம் சரியானால் நான் படகில், இல்லையென்றால் படகையும் எடுத்துவிடுவார்கள், என்னையும் எடுத்துவிடுவார்களாம். அதுவரைக்கும் பார்க்கிங்கில் நின்று விசில் ஊத வேண்டும். வெளியே ஆள் வைத்துச் செய்யலாமே என்றேன். "எதுக்கு? நீயே பண்ணு" என்று போனை நீட்டினார்.

அரை டவுசர் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் பாட்டுப் பாடிக்கொண்டே பழைய தளத்தை அறுத்துத் தூக்கினார், புதுப் பலகை வைத்தார், துணியைப் போட்டு ரெசின் என்கிற பிசினைப் பூசினார், காபி குடித்தார், முடிந்துவிட்டது. நான் கிரைண்டரைப் பிடித்ததும் வெள்ளைத் தூசி கிளம்பி மூக்கு, கண், கழுத்து எல்லாம் அப்பிக்கொண்டது. எரிகிறது சார், மாஸ்க் வேண்டும் சார் என்று போய் நின்றேன். மேனேஜர் வீடியோவை மறுபடி ஓட்டிக் காட்டினார்: "பாரு, அவர் ஒரு தும்மல்கூடப் போடல."

பீன்யா கடையில்

ரெசின், அதை இறுக வைக்கிற ஹார்டனர், கண்ணாடி நூலைப் பாய் மாதிரிப் பரப்பிய மேட், எல்லாம் பெங்களூரின் மறுகோடியில் பீன்யாவில்தான் கிடைக்கும். சந்தாபுராவிலிருந்து பீன்யாவுக்குப் போவது ஊருக்குப் போய் வருகிற மாதிரி. பஸ் மாறி, பஸ் மாறி, இடுப்பு ஒடிந்து போய்ச் சேர்ந்தேன்.

கடைக்காரர் நம்ம ஆள்தான், தமிழில் பேசினார். தண்ணி டேங்குக்கா, கார் பம்பருக்கா என்று கேட்டார். படகுக்கு என்றேன். கையில் எடுத்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரவால்லையே, இந்த வருஷ மழைக்கு இப்பவே ரெடியாயிட்டீங்க!"

சாக்கு

எனக்கு உதவிக்கு வந்தவர் தோட்டக்கார மஞ்சண்ணா. கன்னடக்காரர், தங்கமான மனுஷன். எனக்கு அப்போது கன்னடத்தில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற 'ஊட்டா ஆயித்தா' தவிர ஒன்றும் தெரியாது. நான் ரெசின் வாளியில் ஹார்டனரை ஊற்றுகிறேன், அவர் குச்சியால் கலக்குகிறார். அது சொட்டுக் கணக்கில் விட வேண்டிய சமாச்சாரம். திடீரென்று மஞ்சண்ணா, "சாக்கு! சாக்கு!" என்று கத்தினார்.

சாக்கு எதற்கு இப்போது என்று நான் நாலு பக்கமும் தேடுகிறேன். கை பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கிறது. "சாக்கு, சாக்கு!" என்று அவர் இன்னும் பலமாகக் கத்த, என்னவோ அவசரம் போலிருக்கிறது என்று டப்பாவை அவர் கையில் திணித்துவிட்டு உர மூட்டைப் பக்கம் ஓடினேன். ஒரு நல்ல சாக்காகப் பார்த்து உதறி எடுத்து வந்தால், வாளியிலிருந்து புகை. கிட்டே போக முடியவில்லை, அப்படியொரு சூடு. பீன்யாவிலிருந்து நான் சுமந்து வந்த ரெசினில் பாதி வாளிக்குள்ளேயே கல்லாகிவிட்டது. கன்னடத்தில் 'சாக்கு' என்றால் 'போதும்' என்று அர்த்தமாம்! மஞ்சண்ணா தலையில் அடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சாமி, நானு போதும்னு சொன்னா, நீ கோணி கொண்டாந்து நிக்கறியே!"

தெர்மாகோல்

தளத்துக்கு அடியில் புதுப் பலகை கொடுக்க வேண்டும். மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்தது. பர்த்டே பார்ட்டிக்கு அலங்காரம் செய்த தெர்மாகோல் ஸ்டோரில் சும்மா கிடக்கிறதே, அதுவும் மிதக்கிற பொருள்தானே! வேண்டாம் சார் என்றேன். யார் கேட்டது? 'ஹேப்பி பர்த்டே' எழுத்து எழுத்தாக அடுக்கி, மேலே மேட்டை விரித்து, ரெசினைப் பூசினேன். தெர்மாகோல் கண்ணெதிரே சர்க்கரைப் பாகு மாதிரி உருகி உள்ளே இறங்கிவிட்டது. மேட்டும் கூடவே தொங்கிப் போனது. அத்தனையையும் நான்தான் சுரண்டி எடுத்தேன். மேனேஜர் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டு மோந்தார். "ரெசின் டூப்ளிகேட். கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்."

வீட்டுக்கு வந்த படகு

என் சட்டையை மல்லிகா மற்றத் துணிகளோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டாள். கண்ணாடித் தூள் அத்தனையிலும் ஏறிவிட்டது. துண்டு, பெட்ஷீட், அவளுடைய கல்யாணப் புடவை வரைக்கும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சொறிந்துகொண்டோம். கோபம் வந்து கத்துவாள் என்று பார்த்தேன், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. சொறிந்துகொண்டே சொன்னாள்: "படகுல உக்கார வச்சு ஒரு சுத்து சுத்திக் காட்றேன்னு சொல்லித்தானே கூட்டியாந்தே? இப்படிச் சொறிய வச்சிட்டியேய்யா!"

கடைசியில்

அந்தப் பேச்சு என்னை உலுக்கிவிட்டது. மேனேஜரிடம் சண்டை போட்டு நல்ல பலகை வாங்க வைத்தேன். மேட்டை அடுக்கடுக்காகப் போட்டு, ரோலர் உருட்டிக் காற்றுக்குமிழி ஒன்றில்லாமல் எடுத்து, காயவிட்டு, தேய்த்து, மேல்பூச்சும் கொடுத்தேன். நானும் மஞ்சண்ணாவும் மேலே ஏறிக் குதித்தோம். கிண்ணென்று நின்றது. வாய்விட்டுச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா, முதல் சுற்று உனக்குத்தான் என்று மல்லிகாவுக்குப் போன் போட்டேன்.

சனிக்கிழமை ரிசார்ட் முதலாளி வந்தார். ஷூ காலோடு ஏறி நடந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், என் தோளில் தட்டினார். "இவ்வளவு ஷைனிங்கா பண்ணிட்டு யாராவது தண்ணியில விடுவாங்களா? கீறல் விழுந்துடாது?" என்றார். ஒரே ஒரு சுற்று சார் என்று கெஞ்சினேன். அதற்குள் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார். சாயங்காலமே ஆறு பேர் சேர்ந்து படகைத் தூக்கி, ரெஸ்டாரண்ட் பக்கம் புல்தரையில் வைத்துவிட்டார்கள். அதுதான் இனிமேல் பானிபூரி போடுகிற சாட் கவுண்ட்டராம். வேலை போகவில்லை. எனக்கு ஒரு வெள்ளைத் தொப்பியும் கரண்டியும் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகா அதே கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். புல்தரை ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தாள். நான் போட்ட தளத்தில் நின்றுகொண்டு நான் பூரி உடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தட்டோடு நின்ற ஒரு பெண் சத்தமாகக் கூப்பிட்டாள்: "கேப்டன் அங்கிள், பானி பத்தல, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க!"

சொந்தக் கையால் எதையாவது செய்யத் துணிந்த தோழர்களே, கொஞ்சம் மட்டமாகவே செய்யுங்கள், அப்போதுதான் அதை உங்களிடமே விட்டுவைப்பார்கள்.